எது வரை?

கேள்வி: இணைய சேவை நிறுவனங்களை அரசு எது வரை கட்டுப்படுத்தலாம்? அமெரிக்காவில், கட்டுப்படுத்தவே கூடாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டதாமே?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பெருமாள்மலை)

பதில்: பெயரை ஏன் மறைக்கிறீர்கள் என்று புரிகிறது. இருக்கிற இணைப்பும் போய்விடுமோ என்கிற பயம். பெருமாள்மலையில் குடியிருந்துகொண்டு சேவை கிடைக்கவில்லை என்றால் வேறு யாரிடம் போய் முறையிடுவது! (‘இணையச் சேவை’ என்று ஒரு ‘ச்’ வந்திருக்க வேண்டும். கேள்வியை வந்தபடியே போட்டிருக்கிறேன். வத்தலக்குண்டு புலவர் இந்த மாதமும் கார்டு எழுதுவார். ஐயா, அந்த ‘ச்’ மலையேறும்போது வழியில் விழுந்துவிட்டது. எங்கள் தவறல்ல.)

உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்த சொல் ‘வரை’. பழந்தமிழில் வரை என்றால் மலை. அதனால்தான் வரையாடு. நம் ஊர் விடுதி ஒன்றின் பலகையில் ‘வறையாடு’ என்று எழுதி மூன்று வருடமாகத் தொங்குகிறது. பாதுகாக்கப்பட்ட விலங்கை வறுத்தால் ஜெயில் என்று இரண்டு முறை போய்ச் சொல்லிவிட்டேன். அறை வேண்டுமா என்று கேட்கிறார்கள்.

வரைவு என்றால் இன்று சட்ட வரைவு. சங்கப் பாடல்களில் அது கல்யாணம். குறிஞ்சித் தலைவன் ராத்திரியில் மலைவழியே வருவான், போவான், பெண் கேட்கிற பேச்சை மட்டும் எடுக்கமாட்டான். தோழிதான் அவனைப் பிடித்து நெருக்குவாள். அதற்கு வரைவு கடாதல் என்று பெயர். போன கார்த்திகையில் ஒரு காட்டுமாடு எங்கள் வீட்டு வயரைக் கொம்பில் மாட்டி இழுத்துக்கொண்டு போனது. அதற்கப்புறம் 21 நாள் நான் பார்த்தது தோழியின் வேலை. ‘நாளைக்கு ஆள் வரும் சார்’ என்றார்கள். தலைவனாவது ராத்திரியில் வந்தான்.

அந்த நிறுவனத்தின் நோட்டீசில் ‘100 எம்பிபிஎஸ் வரை’ என்று இருந்தது. எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு இத்தனை மெகாபிட் என்கிற வேகக் கணக்கு. இவ்வளவு நேர்மையான விளம்பரத்தை நான் பார்த்ததில்லை. ஒன்றும் நூறு வரைதான். பூஜ்யமும் நூறு வரைதான். பால்காரர் ‘ஒரு லிட்டர் வரை ஊற்றுவேன்’ என்றால் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடமாட்டோமா? கொடைக்கானலுக்கு டிக்கெட் கொடுத்துவிட்டு வத்தலக்குண்டில் இறக்கிவிட்டு, ‘கொடைக்கானல் வரை என்றுதானே சொன்னோம், அதற்குள் எங்கே வேண்டுமானாலும் நிறுத்துவோம்’ என்று கண்டக்டர் சொன்னால் பஸ் முழுசாகத் திரும்பிப் போகுமா? இணையக் கம்பெனி சொன்னால் மட்டும் ஆன்லைனில் பணம் கட்டுகிறோம். அதுவும் இணைப்பு வந்தால்தான்.

சரி, அமெரிக்கா. ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குவதில் அவர்கள் எனக்கு அண்ணன். இணைய இணைப்பு ‘தொலைத்தொடர்புச் சேவை’யா, ‘தகவல் சேவை’யா என்பதுதான் அங்கே வழக்கு. முதலாவது என்றால் எல்லாத் தளங்களையும் சமமாக நடத்து என்று கம்பெனியிடம் அங்குள்ள தகவல்தொடர்பு ஆணையம் (எஃப்சிசி) கண்டிப்பாகச் சொல்லலாம். இரண்டாவது என்றால் முடியாது. 2015-இல் முதலாவது என்றார்கள். 2017-இல் ஆட்சி மாறியபின் இரண்டாவது. 2024-இல் மறுபடி முதலாவது. 2025 ஜனவரியில் சின்சினாட்டி மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டாவதுதான் என்று சொல்லிவிட்டது. ஆனால் நீங்கள் கேள்விப்பட்டது பாதிதான். இருக்கிற சட்டம் ஆணையத்துக்கு அந்த அதிகாரத்தைத் தரவில்லை என்பதுதான் தீர்ப்பு. நாடாளுமன்றம் புதிதாகச் சட்டம் போட்டால் யார் தடுக்கப் போகிறார்கள்? கலிஃபோர்னியா 2018-இலேயே தனக்கென்று ஒன்று போட்டுக்கொண்டது.

இந்த விஷயத்தில் நாம் அவர்களைவிட உறுதியாக நின்றோம். 2015-இல் நம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதைப் பற்றிக் கருத்துக் கேட்டபோது 10 லட்சத்துக்கும் மேலே மின்னஞ்சல்கள் குவிந்தன. 2016 பிப்ரவரி 8 அன்று விதி வந்தது: எந்தத் தளத்தைப் பார்க்கிறாய் என்பதை வைத்துக் கட்டணத்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது, மீறினால் நாளுக்கு 50 ஆயிரம், அதிகபட்சம் 50 லட்சம் அபராதம். சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டுகிறேன் என்று வந்த ஃபேஸ்புக்கின் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ மூட்டை கட்டிக்கொண்டு போனது.

மலைக்காரர்களுக்கு இதைப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. காட் ரோட்டில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். ஏறுவது கேரட்டா கலெக்டரா என்று விதி கேட்பதில்லை. ஆம்புலன்சுக்கு மட்டும் விலக்கு. 2016 விதியிலும் அவசரச் சேவைக்கு விலக்கு உண்டு. (சனி, ஞாயிறு வருகிறவர்கள் இறங்கும்போது வழிவிடுவதில்லை. 2024 மே முதல் இவர்கள் வர இ-பாஸ் வேண்டும். அதை எடுப்பது இணையத்தில். இணையம் கீழே இருக்கிறது, வந்துவிடுகிறார்கள்.)

அதற்காக அரசிடம் மொத்தச் சாவியையும் கொடுத்துவிடச் சொல்லவில்லை. 2018 மே மாதம் தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூடு நடந்த மறுநாள், அந்த மாவட்டத்தோடு திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்தியது அரசுதான். யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று உறவுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய நாள் அது. கால வரம்பில்லாமல் இணையத்தை நிறுத்தக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில்தான் சொன்னது.

ஆகவே, எது வரை என்று கேட்டால், கீழே இருந்து ஆரம்பியுங்கள் என்பேன். பிராட்பேண்ட் என்று பெயர் வைத்து விற்க வேண்டுமானால் குறைந்தது இவ்வளவு வேகம் வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. 2004-இல் நொடிக்கு 256 கிலோபிட், 2013-இல் 512, 2023-இல் 2 மெகாபிட். நோட்டீசில் இந்த எண்ணைப் பெரிதாகவும் அந்த நூறைப் பொடியாகவும் அச்சடிக்கச் சொல்லட்டும். முடியாது என்கிற கம்பெனிக்கு அபராதம் போடட்டும், நான் கைதட்டுகிறேன்.

என் இணைப்பு இப்போது அந்த 2 மெகாபிட்டைக்கூடத் தொடவில்லை. இந்தப் பக்கத்தைப் பென் டிரைவில் போட்டுத் திண்டுக்கல் பஸ் டிரைவர் அண்ணனிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். இதை நீங்கள் அச்சில் படிக்கிறீர்கள் என்றால் வண்டி திண்டுக்கல் வரை போயிருக்கிறது.