வியன்னாவுல இருந்து ப்ர்னோ: துகென்ட்ஹாட் வீட்டைப் பத்தி கேளுங்க

ஊர்ல இருந்து யார் வந்தாலும் செக் நாட்டு ப்ர்னோவுக்கு இழுத்துட்டுப் போறவன் நான். ஜெர்மன் ஆர்க்கிடெக்ட் மீஸ் வான் டெர் ரோஹே 1930ல கட்டி முடிச்ச வீடு, 2001ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்துச்சு. கேளுங்க.

கே: அண்ணா, ஒரே நாள்ல போயிட்டு வந்துடலாமா?

ப: தாராளமா. ரயில்ல ஒன்றரை மணி நேரம்தான். ஆனா முதல்ல வீட்டு டிக்கெட், அப்புறம்தான் ரயில் டிக்கெட். கைடு இல்லாம உள்ள விடமாட்டாங்க, சின்னச் சின்ன குரூப், மாசக்கணக்குல முன்னாடியே தீர்ந்துடும். முதல் தடவை நான் சும்மா போய் நின்னு வெளிய இருந்து பார்த்துட்டுத் திரும்புனேன், தப்பு என்னுதுதான்.

கே: போட்டோல சாதா ஒத்தை மாடி வீடு மாதிரி இருக்கு, இதுக்கா இவ்ளோ பில்டப்?

ப: தெருப்பக்கம் அப்படித்தான் ஏமாத்தும் தம்பி. சரிவுல கட்டுனது, நீங்க நுழையுறதே மேல்தளம், பெட்ரூமெல்லாம் அங்கதான், படி இறங்குனாதான் ஹால். பாரத்தைத் தாங்குறது சுவர் இல்ல, குரோம் பூசின சிலுவை வடிவ ஸ்டீல் தூண், அதனால தோட்டப்பக்கம் முழுக்கக் கண்ணாடியாவே விட்டுட்டாரு, அதுல ரெண்டு பெரிய கண்ணாடி மோட்டார்ல கார் ஜன்னல் மாதிரி அப்படியே கீழ இறங்கிடும்.

கே: ஹால்ல இருக்குற ஓனிக்ஸ் கல் சுவர் பார்க்க எந்த சீசன் நல்லது?

ப: எல்லாரும் கோடைம்பாங்க, நான் குளிர்காலச் சாயங்காலம்னுதான் சொல்லுவேன். மொரோக்கோ கல்லு, தேன் கலர். வெயில் தாழ்வா வந்து ஒரு பக்கம் பட்டா மறுபக்கம் கல்லுக்குள்ள இருந்தே தணல் மாதிரி செவக்குது. எங்க கைடு பேசிட்டிருந்ததைப் பாதில நிறுத்திட்டு ஒதுங்கி நின்னாங்க.

கே: வீட்டைக் கட்டுன ஓனருங்க ரொம்ப நாள் இருந்தாங்களா?

ப: எட்டு வருஷம்கூட முழுசா இல்லக்கா. துகென்ட்ஹாட்ங்கிற யூதக் குடும்பம், 1938ல உயிருக்குத் தப்பி ஸ்விட்சர்லாந்து, அப்புறம் வெனிசுலா. வீட்டை நாஜிகளோட ரகசிய போலீஸ் கெஸ்டாபோ பிடுங்கிக்கிச்சு. சாப்பாட்டு மேஜையை வளைச்சு நின்ன மக்காசர் கருங்காலி மரச்சுவர் காணாமப் போயி, 2011 வாக்குல உள்ளூர் யுனிவர்சிட்டி கேன்டீன்ல இருந்து கண்டுபிடிச்சாங்க, போர்க்காலத்துல கெஸ்டாபோ இருந்த கட்டடம் அது! 1992 ஆகஸ்ட்ல செக் பிரதமர் கிளாவுசும் ஸ்லோவாக் பிரதமர் மெச்சியாரும் செக்கோஸ்லோவாகியாவைப் பாகம் பிரிக்கிற பேச்சை நடத்துனதும் இந்த வீட்டுலதான்.

கே: அம்மாவுக்கு முட்டி வலி, கூட்டிட்டு வரலாமா?

ப: வரட்டும், ஆனா படி உண்டு, உள்ள ஒரு மணி நேரம் நின்னே பார்க்கணும். மெஷின் ரூம், ஃபர் கோட்டு வைக்குற பூச்சி அண்டாத ரூமெல்லாம் காட்டுற 90 நிமிஷ டூர் அவங்களுக்கு வேணாம், அது நம்மள மாதிரி கிறுக்கங்களுக்கு.

கே: மீதி நேரம்?

ப: தோட்டத்துலயே கீழ இறங்குங்க, அடியில இருக்குறது வீட்டம்மா கிரேட்டாவோட அப்பா வீடு, லோவ் பேர் வில்லா. நிலம் குடுத்ததும் அவர்தான். அப்பா வீட்டுல நின்னு மேல மக வீட்டை அண்ணாந்து பாருங்க, ரெண்டுக்கும் நடுவுல வெறும் புல்வெளிதான்.