டே கேர் போனதால் முரடனாகிவிட்டானா?

கேள்வி: என் மகனுக்கு 22 மாதம். நான் மறுபடி வேலைக்குப் போவதால் டே கேரில் விடுகிறோம். அங்கே மற்ற பிள்ளைகளைக் கடிக்கிறான். மாலையில் வீட்டுக்கு வந்ததும் ஒரே அழுகை. இப்படி வளரும் பிள்ளைகள் முரடாவார்கள் என்று இணையத்தில் படித்தேன். ராத்திரி தூங்குவதற்குச் சளி சிரப் கொடுக்கிறேன். முன்பு பேசிய சில வார்த்தைகளும் இப்போது வருவதில்லை, டாக்டர்.

பதில்: அந்த சிரப்பை இன்றோடு நிறுத்துங்கள். இரண்டு வயதுக்குள் சளி சிரப்பே கூடாது. தூக்கத்துக்காகக் கொடுப்பது அதைவிட மோசம். மூச்சே மந்தமாகலாம்.

வேலைக்குப் போய்ப் பிள்ளையைக் கெடுத்துவிட்டோமோ என்பதுதானே உங்கள் பயம்? இல்லையம்மா. அமெரிக்காவில் 1991-ல் தொடங்கி 1,300-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பல வருடம் கவனித்தார்கள். காப்பகத்தில் அதிக நேரம் இருந்தவர்களிடம் முரட்டுத்தனம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது உண்மைதான். ஆனால் அந்த வித்தியாசம் சிறியது, பெரும்பாலும் இயல்பான அளவுக்குள்ளேயே இருந்தது. பெற்றோர் பிள்ளையிடம் பழகும் விதத்துக்குத்தான் அதைவிடப் பெரிய பங்கு. இந்த இரண்டாம் பாதியை இணையத்தில் யாரும் பரப்புவதில்லை.

கடிப்பது இந்த வயதில் சகஜம். கோபத்தைச் சொல்ல வார்த்தை வருவதற்குள் பல் முந்திக்கொள்கிறது. 'கடிக்கக் கூடாது, வலிக்கும்' என்று சொல்லி விலக்கிவிட்டால் போதும். திருப்பிக் கடித்துக் காட்டும் வைத்தியமெல்லாம் வேண்டாம். மாலை அழுகை பெரும்பாலும் களைப்புதான். வந்ததும் போனைத் தள்ளி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருங்கள்.

கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் கவலை. வந்த பேச்சு நின்று போனால், எந்த வயதானாலும், 'புது இடம், பழகினால் சரியாகிவிடும்' என்று தள்ளிப்போடக் கூடாது. டே கேரில் அடிக்கடி சளி பிடிக்கும். நடுக்காதில் நீர் தங்கிக் காது மந்தமாகலாம். சரியாகக் கேட்காத பிள்ளைக்கு எரிச்சலும் அதிகம். ஆட்டிசத்திலும் வந்த பேச்சு மறைவதுண்டு. இரண்டையும் வீட்டிலிருந்தபடி பிரித்தறிய முடியாது, இணையக் கேள்வித்தாளை நிரப்பியும் முடியாது.

இந்த வாரமே குழந்தைநல மருத்துவரைப் பாருங்கள். காது கேட்கும் பரிசோதனை, வளர்ச்சி மதிப்பீடு இரண்டும் வேண்டும் என்று கேளுங்கள். எந்தெந்த வார்த்தைகள் நின்றன, எப்போதிலிருந்து, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுகிறானா என்று எழுதி எடுத்துச் செல்லுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா என்று டே கேரிலும் விசாரியுங்கள்.