திருப்பி மொழிபெயர்த்துவிட்டால் போதுமா?

கேள்வி: ஜிம்பாப்வே தலைநகர் ஹராரேயில் ஷோனா மொழி பேசும் பெண்களிடம் மனச்சோர்வு பற்றி ஆய்வு செய்யப் போகிறேன். மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விகள் கொண்ட பி.எச்.கியூ-9 வினாத்தாளை ஒரு ஏஜென்சி ஷோனாவாக்கி, மறுபடி ஆங்கிலமாக்கியும் தந்தது. மூலத்தோடு அச்சுப் பிசகாமல் ஒத்துப்போகிறது, சான்றிதழும் உண்டு. களத்தில் இறங்கலாமா?

பதில்: வேண்டாம். அச்சுப் பிசகாததுதான் உறுத்துகிறது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் திருப்பும்போது ஆங்கிலம் அப்படியே வந்து விழத்தான் செய்யும். நடுவில் இருக்கும் ஷோனா யாருக்கும் விளங்காமல் போனாலும் அது வெளியே தெரியாது. இரண்டு வேலையையும் ஒரே ஆளிடம் கொடுத்துக் காசு பார்க்கும் ஏஜென்சிகள் உண்டு. திருப்பியவர் யார், மூலத்தை அவர் பார்க்கவில்லையா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் விஷயம் புரிந்துவிடும். ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவும் சான்றிதழை மட்டும் பார்த்துவிட்டுக் கேள்விகளை வாசிக்காமல் விடக்கூடும்.

ஷோனாக்காரர்கள் இந்த வேதனையைக் 'குஃபுங்கிசிசா' என்பார்கள்: ஓயாமல் யோசித்துக்கொண்டே இருப்பது. அந்த ஊர் நோயாளிகளின் பேச்சிலிருந்தே கட்டிய வினாத்தாள் 1997இலேயே வந்துவிட்டது. மனநல மருத்துவர் விக்ரம் பட்டேல் குழுவினரின் எஸ்.எஸ்.கியூ-14 (ஷோனா அறிகுறி வினாத்தாள்) அது. பதினான்கு கேள்விகள், கடந்த ஒரு வாரம், ஆம் அல்லது இல்லை. அதிகம் யோசித்தீர்களா என்பதில்தான் தொடங்குகிறது. முதலில் அதை எடுங்கள்.

வேறு நாட்டுத் தரவோடு ஒப்பிட வேண்டுமானால் மட்டும் பி.எச்.கியூ-9 தேவைப்படும். அப்போதும் ஏஜென்சி பிரதி வேண்டாம். ஹராரேயில் சோதித்து 2016இல் வெளியான ஷோனா வடிவம் இருக்கிறது. வழக்கமான வெட்டுப்புள்ளி, அதாவது மனச்சோர்வு இருக்கலாம் என்று கொள்ளும் குறைந்தபட்ச மதிப்பெண், 10. அங்கே பொருந்தியது 11. எஸ்.எஸ்.கியூவுக்கு முதலில் 8, அந்தச் சோதனையில் 9. அது எச்.ஐ.வி. பரவல் மிகுந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தவர்களிடம் எடுத்த கணக்கு. உங்கள் பெண்கள் கல்லூரி மாணவிகள் என்றால் அதே எண்ணைக் கண்மூடிப் போடாதீர்கள். ஒரு பகுதியினரிடமாவது நோயறியும் நேர்காணல் நடத்தி ஒப்பிட்டுப் பாருங்கள்.

எதை எடுத்தாலும் முதலில் எட்டுப் பத்துப் பேரிடம் ஒவ்வொரு கேள்வியையும் வாசித்து, "இதில் என்ன கேட்கிறார்கள்? உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். பி.எச்.கியூவின் எட்டாவது கேள்வி மந்தமாக நடப்பதையும் நிலைகொள்ளாமல் தவிப்பதையும் ஒன்றாக முடிச்சுப் போடுகிறது. வாய்விட்டுக் கேட்டால் சிலர் கடைசிப் பகுதிக்கு மட்டும் பதில் சொல்லக்கூடும். ஐந்தாவது, பசியின்மை அல்லது அளவுமீறிச் சாப்பிடுவது. வீட்டில் மாவே இல்லாதவரிடம் அந்த மதிப்பெண்ணுக்கு என்ன பொருள்?

இரண்டு தாள்களிலும் தற்கொலை பற்றிய கேள்வி உண்டு. ஆம் என்று ஒருவர் சொன்னால் அன்றைக்கே எந்த கிளினிக்கில், யாரிடம் அழைத்துப் போவது என்பது முதல் நேர்காணலுக்கு முன்பே உங்கள் குறிப்பேட்டில் பெயரோடு இருக்க வேண்டும்.