கொம்பனிகள் ஒன்றாகும்போது விமானியின் சீனியோரிட்டி என்னாகும்?

கேள்வி: மகன் கனடாவில் ஒரு விமானக் கொம்பனியில் துணை விமானி, ஐந்து வருடமாகிறது. அந்தக் கொம்பனியைப் பெரிய கொம்பனி ஒன்று வாங்கப்போகிறதாம். சீனியோரிட்டி போய்விடும், யூனியனும் இராது, இப்போதே வேறு இடம் மாறப்போகிறேன் என்கிறான். விடலாமா? (ஒரு தகப்பன், வட்டக்கச்சி)

ஐயா, முதலில் அவரை ராஜினாமாக் கடிதம் எழுதாமல் இருக்கச் சொல்லுங்கள். சீனியோரிட்டி போய்விடும் என்று அவர் பயப்படுவது, வேறு கொம்பனிக்கு மாறிப்போனால் நிச்சயமாக நடக்கும், இருந்தால் நடக்காமலும் போகலாம். சீனியோரிட்டி இலக்கம் கொம்பனிக்குச் சொந்தமானது, லைசன்ஸோடு கூட வராது. எத்தனை ஆயிரம் மணிநேரம் ஓட்டியிருந்தாலும் புதுக் கொம்பனியில் லிஸ்டின் அடியிலிருந்துதான் தொடங்கவேண்டும். எந்த விமானம், எப்போது கப்டன், நத்தாருக்கு லீவு கிடைக்குமா, ஆட்குறைப்பு வந்தால் யார் முதலில் வீட்டுக்கு, எல்லாமே அந்த இலக்கத்தைப் பார்த்துத்தான்.

இரண்டு லிஸ்டை ஒன்றாக்கும்போதுதான் சண்டை. சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாருக்கு எத்தனை ஏக்கருக்குப் பிரிப்பது என்ற கூட்டத்துக்குப் போயிருப்பீர்கள், கிட்டத்தட்ட அதே இழுபறிதான். ஒரு பக்கம் "சேர்ந்த திகதிப்படி போடு" என்னும், மறுபக்கம் "விகிதப்படி போடு" என்னும், அதாவது அவரவர் தங்கள் பழைய லிஸ்டில் எந்த இடத்தில் நின்றார்களோ அதே அளவில். மகனின் கொம்பனி வேகமாக வளர்ந்தது, அதனால் அவர் ஐந்து வருடத்திலேயே லிஸ்டின் நடுவில் நிற்கிறார் என்று வையுங்கள். மற்றதில் பன்னிரண்டு வருடம் இருந்தவரும் நடுவில்தான் நிற்கிறார். திகதிப்படி என்றால் மகன் அவருக்கு வெகுதூரம் பின்னால். விகிதப்படி என்றால் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில். இரண்டையும் நியாயம் என்று வாதாட ஆள் இருக்கும், எனக்கே முழுப் பதில் இல்லை.

இதில் மோசமாகப் போன கதை அமெரிக்காவில் நடந்தது. 2005இல் யூஎஸ் ஏர்வேஸ், அமெரிக்கா வெஸ்ட் என்ற இரண்டு விமானக் கொம்பனிகள் ஒன்றாகின. 2007இல் நடுவர் நிக்கோலாவ் கொடுத்த லிஸ்டில், யூஎஸ் ஏர்வேஸில் பதினைந்து வருடத்துக்கு மேல் சேவையிருந்தும் ஆட்குறைப்பில் வெளியே நின்றவர்கள், மற்றப் பக்கத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் கீழே போனார்கள். யூஎஸ் ஏர்வேஸ் பக்கம் ஆள் அதிகம், ஆகவே புதிதாக ஒரு சங்கத்தைத் தொடங்கி 2008 தேர்தலில் ஆல்பா என்ற பழைய சங்கத்தையே தோற்கடித்தார்கள். சரி, வென்று என்ன கண்டார்கள்? வழக்குமேல் வழக்கு, இரண்டு கூட்டமும் தனித்தனியாகவே பறந்தன, சம்பளமும் வருடக்கணக்காகப் பழைய ஒப்பந்தத்திலேயே கிடந்தது. 2013இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸோடு சேர்ந்த பிறகு அந்தச் சங்கமும் இல்லாமல் போனது, கடைசி லிஸ்ட் 2016இல்தான் வந்தது. கோபத்தில் வாக்குப் போட்டால் இப்படித்தான் முடியும்.

அதற்கு முன்னால், 2001இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் டிடபிள்யூஏ என்ற விமானக் கொம்பனியை வாங்கியபோது, அங்கிருந்த விமானிகளில் பெரும்பகுதியை லிஸ்டின் அடியில் 'ஸ்டேப்பிள்' பண்ணிவிட்டார்கள். செப்டெம்பர் 11க்குப் பிறகு ஆட்குறைப்பு வந்ததும் முதலில் வெளியே போனது அவர்கள்தான். அந்த இணைப்பில் நடந்ததைப் பார்த்துத்தான் 2007 கடைசியில் அமெரிக்கா ஒரு சட்டம் கொண்டுவந்தது: லிஸ்ட்கள் நியாயமாகச் சேர்க்கப்படவேண்டும், பேசி முடியாவிட்டால் நடுவரிடம் போகவேண்டும்.

மகன் இருப்பது கனடா, அங்கே சட்டம் வேறு. கொம்பனி கைமாறினாலும் யூனியனும் கூட்டு ஒப்பந்தமும் தானாக அழிவதில்லை, வாங்கியவரையும் அவை கட்டுப்படுத்தும். அதன்பிறகு ஒரே சங்கமா, எது என்பதைக் கனடாவின் கைத்தொழில் உறவுச் சபை தீர்மானிக்கும், தேவையென்றால் வாக்கெடுப்பும் வைக்கும். பெரும்பாலும் தலை எண்ணிக்கை கூடியவர்களின் சங்கம்தான் நிற்கும், அதை மறைத்துச் சொல்லிப் பயனில்லை. ஆனால் வென்ற சங்கம் தோற்றவர்களுக்கும் பாகுபாடில்லாமல் பேசவேண்டும் என்பதும் சட்டம்தான். நடுவர் தீர்ப்பே கடைசி என்றும் நினைக்கவேண்டாம்: ஏர் கனடா கனேடியன் ஏர்லைன்ஸை எடுத்தபோது 2001இல் வந்த நடுவர் தீர்ப்பு பிறகு தள்ளப்பட்டு, 2003இல் வேறொரு நடுவர் புதிதாகத் தீர்த்தார்.

அப்போ மகன் என்ன செய்யவேண்டும்? தன் லிஸ்டில் சேர்ந்த திகதியும், சம்பளமில்லா லீவில் இருந்த காலமும் சரியாக இருக்கிறதா என்று இப்போதே பார்க்கட்டும், பிழை இருந்தால் எழுத்தில் கொடுக்கட்டும், லிஸ்ட் உறுதியான பிறகு போய் அழுது பிரயோசனமில்லை. சங்கத்தில் இணைப்புக் குழு என்று ஒன்று இருக்கும், அவர்களிடம் இரண்டு விஷயம் கேட்கச் சொல்லுங்கள். இப்போது இருக்கிற ஆசனத்திலிருந்து மற்றக் கொம்பனிக்காரர் வந்து இறக்க முடியாது என்ற விதியைக் கேட்கிறார்களா? தங்கள் விமானங்களின் கப்டன் இடங்களைச் சில வருடங்களுக்குத் தங்கள் ஆட்களுக்கே ஒதுக்கி வேலி போடுகிறார்களா? இலக்கம் கொஞ்சம் இறங்கினாலும் இந்த இரண்டும் இருந்தால் நாளாந்த வாழ்க்கை பெரிதாக மாறாது.

சந்தாவை நிறுத்தவேண்டாம், வாக்குக்கு வரும் மின்னஞ்சலைத் திறக்காமல் விடவும் வேண்டாம். லிஸ்ட் வந்து, அதில் தன் இடத்தைக் கண்ணால் பார்த்த பிறகும் மாறத்தான் வேண்டும் என்று நினைத்தால், அப்புறம் மாறட்டும்.