யாரு சார் ஓரம்?

கேள்வி: நம்ம பெங்களூர்ல அல்சூர், சிவாஜிநகர் மாதிரி பழைய ஏரியால நிறைய தெரு இருபது அடி கூட தேறாது. அதுல ஃபுட்பாத்துக்கு எங்க சார் இடம்? காரும் போகணும்ல? நடக்கிறவங்க கொஞ்சம் ஓரமா நடந்து போனா என்ன குறைஞ்சிடும்? – காக்ஸ் டவுன் வாசகர்

பதில்: உங்க கேள்வில ‘ஓரமா’ன்னு ஒரு வார்த்தை இருக்கு பாருங்க, நான் அதுலயே நின்னுட்டேன். ஓரம்ங்கிறதுக்கு தமிழ்ல ரெண்டு அர்த்தம். ஒண்ணு விளிம்பு, இன்னொண்ணு பட்சபாதம். பஞ்சாயத்துல ஒரு பக்கமா சாஞ்சு பேசினா ஓரம் பேசறான்னு சொல்வாங்க, ரெண்டு பிள்ளைல ஒருத்தன் சோத்துல மட்டும் நெய் ஊத்தினா அது ஓரவஞ்சனை. நடக்கிறவனைப் பாத்து ஓரமா போன்னு சொல்றப்போ ரெண்டு அர்த்தமும் ஒண்ணா வந்து உக்காந்துக்குது.

எங்க அம்மாவுக்கு 78 வயசு. வீட்லேந்து பால் பூத் அஞ்சு நிமிஷ நடை, இப்ப அவங்களுக்கு இருபது நிமிஷம் ஆகுது. ஏன்னு பாக்க ஒரு நாள் இன்ச் டேப் எடுத்துட்டு கூடவே போனேன். முதல் படி 31 சென்டிமீட்டர். ரோடு எப்படி போடணும்னு விதி வகுக்கிற இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 2012ல போட்ட விதில ஃபுட்பாத் உயரம் 15 சென்டிமீட்டரை தாண்டக்கூடாது, குறைஞ்சது 1.8 மீட்டர் அகலம் தடையில்லாம இருக்கணும்னு எழுதியிருக்கு. இங்க அதுல டபுள் உயரம், அம்மா சுவத்தைப் பிடிச்சுட்டு ஏறினாங்க. ஏறி பத்தடி போனா மோரி மேல போட்ட கல் ஸ்லாப்ல ஒண்ணு காணோம், யாரோ புண்ணியவான் ஒரு மரக்கிளையை சொருகி சிவப்புத் துணி கட்டி விட்டிருந்தார். எறங்கணும். அடுத்து ஒரு வீட்டு கார் ஏறறதுக்கு கட்டின சரிவு, அதுக்கு அடுத்து டிரான்ஸ்ஃபார்மர், அதுக்கு அடுத்து கவர் போட்டு மூடின கார், மாசக்கணக்கா அங்கயே நிக்குது. பதினோரு தடவை ஏறி எறங்கினோம். பன்னண்டாவது தடவை அம்மா ஏறல, ரோட்லயே நடந்தாங்க. பின்னாடி வந்த பைக்காரப் பையன் ஹாரன் அடிச்சு சொன்னது உங்க வார்த்தைதான் சார். பாட்டி, ஓரமா போங்க.

எந்த ஓரம் சார்? அவங்க ஓரத்துலேந்து எறக்கி விடப்பட்டவங்க.

இடம் இல்லைங்கிறதை நான் ஒத்துக்க மாட்டேன். பிளேக் வந்த 1890கள்ல காத்தும் வெளிச்சமும் வரணும்னு அகலத் தெருவா போட்டதுதான் மல்லேஸ்வரமும் பசவனகுடியும். அகலமா இருக்கிற அங்க மட்டும் நிம்மதியா நடக்க முடியுதா? ஊர்ல பதிவான வண்டி ஒரு கோடியை தாண்டியாச்சு, எவ்வளவு அகலம் குடுத்தாலும் வண்டி நிரப்பிக்கும். எங்கேந்து அளக்க ஆரம்பிக்கிறோம்ங்கிறதுதான் விஷயம். நம்மாளுங்க நடு ரோட்லேந்து அளந்து காருக்கு வேணுங்கிறதை எடுத்துட்டு மிச்சம் இருந்தா மனுஷனுக்கு குடுக்கறாங்க. சுவத்துலேந்து அளங்க சார். இருபது அடின்னா ஆறு மீட்டர். ரெண்டு பக்கமும் 1.8 மீட்டர் நடக்க விட்டாலும் நடுவுல ரெண்டரை மீட்டர் கிட்ட நிக்கும், ஒன்வேல ஒரு கார் தாராளமா போகலாம், பார்க்கிங் மட்டும் கிடையாது. அதை விட குறுகலான சந்துன்னா மேடே வேண்டாம், தெரு முழுக்க ஒரே மட்டம், வண்டி நடக்கிறவன் வேகத்துல பின்னாடி வரட்டும்.

ரெசிடென்சி ரோடு, கன்னிங்ஹாம் ரோடு பக்கம் டெண்டர்ஷ்யூர்ங்கிற ரோடு சீரமைப்பு திட்டத்துல பண்ணது கிட்டத்தட்ட இதைத்தான், ரோட்டை ஒரே அகலமா வச்சு மிச்சத்தை நடக்கிறவங்களுக்கு குடுத்து, கேபிளு பைப்பு எல்லாத்தையும் அடியில தனித்தனியா போட்டாங்க. அப்போ காருக்கு இருந்த இடத்தை திருடிட்டாங்கன்னு இதே பக்கத்துக்கு கட்டுக்கட்டா கடிதம் வந்துச்சு, அந்த கோபம் எனக்கு இன்னும் ஆறல. டெல்லில சாந்தினி சௌக்ல 2021லேந்து காலை ஒம்பதுலேந்து ராத்திரி ஒம்பது வரைக்கும் மோட்டார் வண்டி கூடாதுன்னு வச்சிருக்காங்க. எல்லாம் ஒழுங்கா நடக்குதுன்னு சொல்ல மாட்டேன், ஆனா பழைய தெருல முடியாதுன்னு சொல்றவங்களுக்கு அது பதில். அது 1650 வாக்குல வந்த தெரு, 1537ல இந்த ஊரை உருவாக்கின கெம்பேகவுடா போட்ட நம்ம பேட்டை அதுக்கு நூறு வருஷம் மூத்தது, அக்கிபேட்டைல (அக்கின்னா கன்னடத்துல அரிசி) அப்போ யாரும் கார்ல வந்து அரிசி வாங்கல.

இன்னொரு கோஷ்டி கீரைக்காரம்மாவாலதான் நடக்க முடியலங்கறாங்க. இதுக்கு நான் பத்து தடவை பதில் எழுதிட்டேன், பதினோராவது தடவையும் எழுதறேன். ஒரு கார் நிக்க ரெண்டரைக்கு அஞ்சு மீட்டர் வேணும். அந்தம்மா கூடை ஒரு சாக்கு விரிப்புல அடங்கிடும், 2014ல வந்த தெரு வியாபாரிகள் சட்டம் அவங்க பக்கம் இருக்கு, சாயங்காலம் கூடையை தூக்கிட்டு வீட்டுக்கும் போயிடுவாங்க. கவர் போட்ட கார் எங்கயும் போகல.

ஓரங்கட்டறதுன்னு சொன்னதும் அல்சூர் ஏரிக்கரை வள்ளுவர் சிலை ஞாபகம் வந்துடுது. 1991லேந்து 2009 ஆகஸ்ட் 9 வரைக்கும், 18 வருஷம், திறக்காம மூடியே வச்சிருந்தாங்க. அந்த பக்கம் போறப்பல்லாம் மூட்டை கட்டின மாதிரி நிக்கிற அந்த உருவத்தைப் பாத்து தலை குனிஞ்சு நடந்தவன் நான். ஓரங்கட்டினா எப்படி இருக்கும்னு இந்த ஊர் தமிழனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம், அப்படியிருந்தும் நாமளே ஒரு கிழவியைப் பாத்து ஓரமா போன்னு எப்படி சார் சொல்றோம்?

போகட்டும், சட்டத்துக்கு வருவோம். நடக்கறதுக்கு சரியான ஃபுட்பாத் கிடைக்கிறது அரசியல் சட்டத்தோட 21வது பிரிவுல வர்ற உயிர் வாழற உரிமைன்னு சுப்ரீம் கோர்ட் 2025 மே மாசம் சொல்லிடுச்சு, மாற்றுத் திறனாளிங்களும் அதுல போக முடியணும், ஆக்கிரமிப்பை எடுக்கணும்னும் சொல்லியிருக்கு. அந்த வழக்கை 2012ல போட்டவர் கோயம்புத்தூர் எலும்பு டாக்டர் எஸ். ராஜசேகரன். உடைஞ்ச எலும்பை பாத்து பாத்து கோர்ட்டுக்கு போன மனுஷன். 2022ல மட்டும் இந்த நாட்டு ரோட்ல செத்த பாதசாரிங்க 32,000க்கு மேல. கொஞ்சம் ஓரமா போனா என்ன குறைஞ்சிடும்னு கேட்டீங்களே, இதுதான் குறையுது.

ஏப்ரல்ல அல்சூர் பூப்பல்லக்கு வரும், ஒரு தடவை ராத்திரி வந்து நில்லுங்க. அதே தெரு, அதே அகலம். ஒரு கார் கிடையாது, தெரு அடைச்சு ஜனம், குழந்தைங்க தோள்ல, எங்க அம்மா நாற்காலி போட்டு நட்டநடுவுல உக்காந்திருப்பாங்க.