அப்ரூவ்மென்ட் என்று எழுதியவன் சொல்கிறேன்

“ஆங்கில வினைச்சொல்லைப் பெயர்ச்சொல் ஆக்க எந்த விகுதியைச் சேர்ப்பது, அதற்கு விதி உண்டா?” என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் தமிழ்வழியில் படித்துவிட்டு ஏதோ ஆபீஸில் ஆங்கிலக் கடிதத்தோடு மல்லுக்கட்டுபவர் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் இந்தக் கேள்வி வராது.

பாதிக்கு விதி உண்டு. எஜுகேட் எஜுகேஷன் ஆகும், வெரிஃபை வெரிஃபிகேஷன் ஆகும். அதிலும் சாடிஸ்ஃபை சாடிஸ்ஃபாக்‌ஷன் என்று அடம்பிடிக்கும். மீதியெல்லாம் மனப்பாடம்தான். இதைத் தெரிந்துகொள்ள நான் கொடுத்த விலை வேறு.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கிளார்க்காகச் சேர்ந்த புதிது. விறகு வாங்க அனுமதி கேட்டு ஒரு கடிதம் எழுதச் சொன்னார்கள். இம்ப்ரூவ் என்றால் இம்ப்ரூவ்மென்ட், அப்படியானால் அப்ரூவ்? அப்ரூவ்மென்ட் என்று எழுதிவிட்டேன். மேனேஜர் அதை எல்லார் முன்னாலும் உரக்கப் படித்தார். லாரியிலிருந்து கொழுந்துச் சாக்கு இறக்கிக்கொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். அவர்களுக்கு என்ன புரிந்ததோ! அப்புறம் ஒரு மாதம் என் பெயரே அதுதான். “என்னப்பா அப்ரூவ்மென்ட், டீ குடிச்சாச்சா?”

அப்ரூவல் என்று எழுதியிருக்க வேண்டும், சரி. ஆனால் மூவ் மூவ்மென்ட் ஆகலாம், ரிமூவ் மட்டும் ரிமூவல் ஆக வேண்டும் என்றால் கேட்பவன் குழம்பமாட்டானா? பல வருஷம் கழித்து ஒரு பழைய ஆங்கில அகராதியைப் புரட்டினால், அப்ரூவ்மென்ட் என்ற சொல் அதில் இருக்கிறது! இப்போது வழக்கில் இல்லை, அவ்வளவுதான். யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது?

“தமிழில் இந்தக் குழப்பம் இல்லை” என்று யாரும் கிளம்ப வேண்டாம். ‘வா’விலிருந்து வருகையும் வரும், வரவும் வரும், விருந்தாளிக்கு ஒன்று, கணக்கு நோட்டுக்கு ஒன்று. ரிசீவிலிருந்து ரிசெப்ஷனும் ரிசீட்டும் வருவது போலத்தான். மொழியியல் படித்தவர்கள் லத்தீன், பிரெஞ்சு என்று காரணம் சொல்வார்கள். சொல்லட்டும். நான் ஃபேக்டரியில் கற்றதைச் சொல்கிறேன்.

சந்தேகம் வந்தால் ‘இங்’ போடுங்கள். எங்கள் ஃபேக்டரி போர்டுகளில் விதரிங் (இலையை வாட்டுவது), ரோலிங் (உருட்டுவது), டிரையிங் (உலர்த்துவது) என்று எல்லாமே இங்தான். ‘கேன்’, ‘மஸ்ட்’ போன்ற சில துணைவினைகளைத் தவிர எந்த வினையும் அதற்கு மசியும். ஆனால் அது வேலை நடப்பதைத்தான் சொல்லும். மேலிடத்து அனுமதிக்கு அப்ரூவிங் என்று எழுதினால் மறுபடி சிரிப்பார்கள்.

இப்போது வேலையை விட்டாயிற்று. அரை ஏக்கர் தோட்டத்தில் பறிக்கும் கொழுந்தை வேறொரு ஃபேக்டரிக்குப் போடுகிறேன். மழை பெய்தால் இலை ஈரமாம், எடையில் கிலோ கிலோவாகக் கழிக்கிறார்கள். எத்தனை கிலோ என்பது எடை போடுகிறவர் மனசைப் பொறுத்தது. வெயில் காலத்தில் காய்ந்த இலைக்குச் சேர்த்துப் போட்டு யாரும் பார்த்ததில்லை. சீட்டில் மட்டும் டிடக்‌ஷன் என்று எழுத்துப் பிழை இல்லாமல் எழுதித் தருகிறார்கள்.