“பொம்பிளை வருத்தம்” என்று ஒரு வருத்தம் கிடையாது

வாசகி கேட்கிறார்:

அன்புள்ள அக்கா, என் மகள் ஆறாம் ஆண்டு படிக்கிறாள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வராமல் எச்.பி.வி. தடுப்பூசி போடப்போகிறோம் என்று பாடசாலையில் சம்மதப் படிவம் கொடுத்துவிட்டிருக்கிறார்கள். அது புதிதாக அனுமதி கிடைத்த ஊசி, பெரிய நாடுகள் எங்களைப் போல ஏழை நாடுகளுக்கு அனுப்பிப் பரீட்சித்துப் பார்க்கின்றன, போட்டால் பிறகு பிள்ளை தங்காது என்று கனடாவில் இருக்கும் மச்சாள் ஏழு நிமிட வொய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறா. மாமியும் வேண்டாம் என்கிறா. கணவர் கட்டாரில். “அம்மா சொல்றபடி செய்” என்று அவர் போனை வைத்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் பெரிய வருத்தம் என்று யாருக்கும் இல்லை. என் அம்மா மட்டும் பொம்பிளை வருத்தம் வந்து 49 வயதில் தவறிப்போனா, அது வேறு கதை. படிவத்தை அரிசி வாளிக்குள் வைத்திருக்கிறேன். ரீச்சர் கேட்டால் தொலைந்துவிட்டது என்று சொல்லும்படி மகளிடம் சொல்லிவிட்டேன். கேட்டுப் பார்க்க வீட்டில் பெரியம்மா இருக்கிறா, ஆனால் அவவுக்குக் காது மந்தம். புது ஊசியை நம்பலாமா, நம்பக்கூடாதா?
– படுவான்கரை வாசகி ஒருவர்

பதில்:

தங்கச்சி, ஊசியைப் பற்றி மறுகா பேசுவோம். “அது வேறு கதை” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கதையை முதலில் எடுங்கள்.

நீங்கள் அனுப்பியது நாலு பக்கக் கடிதம். மச்சாளின் வொய்ஸ் மெசேஜ் எத்தனை நிமிடம் என்பதுகூட அதில் இருக்கிறது. பெற்ற தாய்க்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி, அதிலும் வருத்தத்துக்குப் பெயர் இல்லை. பொம்பிளை வருத்தம் என்றால் என்னகா? மார்பிலா, சூலகத்திலா, கருப்பையிலா, கருப்பைக் கழுத்திலா? இவை நாலும் நாலு வருத்தம், வருகிற காரணமும் வேறு, வைத்தியமும் வேறு. செத்த வீட்டுக்கு வந்தவர்களிடம் என்ன சொன்னீர்கள்? அல்சர் என்றா? பெரும்பாலான வீடுகளில் அல்சர் என்றுதான் சொல்வார்கள்.

எனக்கு இது புதிதல்ல. என் சின்னம்மா ஒருவர், தீட்டு நின்று மூன்று வருடம் கழித்துத் திரும்ப இரத்தம் கண்டபோது யாரிடமும் மூச்சு விடவில்லை. ஊரடங்கிய பிறகு கிணற்றடியில் குந்தியிருந்து சீலையைத் தோய்ப்பார், விடியுமுன் அதைக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் காயப்போட்டுவிடுவார். கோழிக்கூட்டுப் பக்கம் யார் போகப்போகிறார்கள்? நான் ஒருநாள் முட்டை எடுக்கப் போய்த்தான் கண்டேன். கேட்டதற்கு, வாயைப் பொத்திக்கொண்டு போ என்றார். பொத்தினேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது, விளங்காத வயது இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது இடுப்பெலும்பு வரை பரவியிருந்தது, பின்னறையில் டெட்டோல் தெளித்தும் மணம் அடங்கவில்லை. அது கருப்பைக் கழுத்துப் புற்றுநோய். இந்தப் பெயரை எங்கள் வீட்டில் வாய்விட்டுச் சொல்ல இருபது வருடம் எடுத்தது. அதற்குள் அவருடைய மூத்த மகளும் தனக்கு வந்ததை ஒளித்துவிட்டாள்.

உங்கள் அம்மாவுக்கும் அதேதான் என்று நான் சொல்ல வரவில்லை. எனக்குத் தெரியாது. மகளாகிய உங்களுக்கே தெரியாமல் இருக்கிறதே என்றுதான் கோபம் வருகிறது. எங்கள் மட்டக்களப்பில் குடி தாய்வழியில் வருகிறது, வீடு வளவு பெண்பிள்ளைக்குப் போகிறது, கோயிலில் நீ எந்தக் குடி, எந்த வயிற்றுவார் என்று கேட்டால் ஐந்து தலைமுறைப் பெண்களின் பெயரைச் சொல்கிறோம். வயிற்றுவார் என்று வயிற்றின் பெயராலேயே வம்சத்தை எண்ணுகிற சனம், அந்த வயிற்றில் வந்த வருத்தத்தின் பெயரை மட்டும் அரிசி வாளிக்குள் போட்டு மூடிவிடுகிறது. காணி உறுதியை இப்படி ஒளிப்பீர்களா?

சரி, ஊசி. புதிது என்கிறீர்கள். 2006-இலேயே அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் இதற்கு அனுமதி கிடைத்தது. அடுத்த வருடமே அவுஸ்திரேலியப் பாடசாலைகளில் போடத் தொடங்கினார்கள், அன்று பன்னிரண்டு வயதில் போட்டுக்கொண்ட பிள்ளைகளுக்கு இன்று முப்பது வயதாகிறது. உலக சுகாதார ஸ்தாபனம் 2009-இல் இதை முன்தகுதிப் பட்டியலில் சேர்த்தது. உற்பத்தித் தொழிற்சாலையையும் ஆய்வுத் தரவுகளையும் பரிசோதித்துப் பார்த்த பிறகுதான் அந்தப் பட்டியலில் ஏற்றுவார்கள், யுனிசெப் போன்ற நிறுவனங்கள் அதைப் பார்த்துத்தான் நாடுகளுக்கு வாங்கிக் கொடுக்கும். இலங்கைப் பாடசாலைகளுக்கு 2017-இல்தான் வந்தது. ஆக, எங்களை வைத்துப் பரீட்சித்தார்கள் என்றால், அவுஸ்திரேலியப் பிள்ளைகளுக்குப் போட்டுப் பத்து வருடம் கழித்து ஏன் பரீட்சிக்க வேண்டும்? 2021-இலும் 2024-இலும் சீனாவில் செய்த எச்.பி.வி. ஊசிகள் இரண்டுக்கு அதே முன்தகுதி கிடைத்தது. மச்சாள் “புதிதாக அனுமதி” என்று எங்காவது வாசித்திருந்தால் அந்தச் செய்தியாக இருக்கும்.

மச்சாளிடம் ஒன்று கேளுங்கள், அவ இருப்பது ஒன்டாரியோவிலா? அங்கே ஏழாம் வகுப்பில் பாடசாலையிலேயே இதைப் போடுகிறார்கள், 2016 முதல் ஆண்பிள்ளைகளுக்கும் சேர்த்து. அவவுடைய பிள்ளைகள் போட்டார்களா இல்லையா என்று கேட்டுவிட்டு, அதற்கும் ஏழு நிமிடம் பதில் வருகிறதா என்று பாருங்கள்.

ஏழைகளில் பரீட்சிக்கிறார்கள் என்ற பேச்சு முழுக்க முழுக்கக் காற்றில் வந்ததும் அல்ல. இந்தியாவில் அப்போதைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்திலும் இந்த ஊசியை முன்னோடித் திட்டமாகப் போட்டார்கள். சில பிள்ளைகள் இறந்ததும் 2010-இல் திட்டத்தை நிறுத்தினார்கள். விசாரித்தபோது அந்த மரணங்களுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று தெரிந்தது, பாம்பு கடித்தது, தண்ணீரில் மூழ்கியது என்று வேறு காரணங்கள். ஆனால் விடுதிப் பிள்ளைகளுக்குத் தாய் தகப்பனிடம் கேட்காமல் விடுதிப் பொறுப்பாளர்களே கையெழுத்து வைத்திருந்தார்கள், அது பெரிய பிழை. அந்தத் தாய்மாருக்கு வராத படிவம் உங்கள் வீடு தேடி வந்திருக்கிறது. அதைக் கொண்டுபோய் அரிசிக்குள் புதைத்திருக்கிறீர்கள்!

எங்கள் நாட்டையும் நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லமாட்டேன். 2023-இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்து பிடிபட்டு, அதை வாங்கிய விவகாரத்தில் முன்னாள் சுகாதார அமைச்சரே 2024 பெப்ரவரியில் கைதாகி உள்ளே போனார். அதைப் பார்த்த சனம் கேள்வி கேட்கத்தான் செய்யும், கேட்கத்தான் வேண்டும். அப்படியானால் எம்.ஓ.எச். ஒபிசுக்கு, அதாவது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய்க் கேளுங்கள். எந்த ஊசி, எங்கே செய்தது, எப்போது காலாவதி, குளிர்ப்பெட்டியில் வந்ததா, எத்தனை தரம் போடவேண்டும், பிள்ளைக்கு ஏதாவது ஒவ்வாமை இருந்தால் என்ன செய்வது. உங்கள் பிள்ளை பிறந்த நாள் தொட்டுக் கிளினிக் கொப்பியில் ஊசி எழுதிய மிட்வைப் அம்மாதானே அங்கே இருக்கிறா. அவவிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை, எட்டாயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவரிடம் பாடம் கேட்டீர்கள்.

உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால், வயல்காரக் குடும்பத்துக்கு விளங்குகிற மாதிரிச் சொல்கிறேன். பதர் தெரியும்தானே, பார்க்க நெல்மணி மாதிரியே இருக்கும், உள்ளே அரிசி இருக்காது, விதைத்தால் முளைக்காது. இந்த ஊசியில் இருப்பது எச்.பி.வி. வைரஸின் பதர். வெளிக்கோது மட்டும், அதுவும் ஆய்வுகூடத்தில் செய்த கோது. உடம்பு அதைப் பார்த்து அடையாளம் பிடித்து வைத்துக்கொள்ளும், பிறகு உண்மையான வைரஸ் வந்தால் வாசலிலேயே மறிக்கும். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் நூற்றுக்கு எழுபது வரையானவற்றுக்கு இந்த வைரஸின் 16, 18 என்ற இரண்டு வகைகள்தான் காரணம். தொற்றி, மெல்ல மெல்லப் புற்றுநோயாக மாறப் பதினைந்து, இருபது வருடம் எடுக்கும். வந்த பிறகு ஊசி போட்டுப் பலனில்லை, அதனால்தான் சின்ன வயதில் போடுகிறார்கள். ஸ்கொட்லாந்தில் 12, 13 வயதில் போட்டுக்கொண்ட பெண்களைப் பின்தொடர்ந்து பார்த்ததில் ஒருவருக்குக்கூட அந்தப் புற்றுநோய் பரவிய நிலையில் பதிவாகவில்லை என்று 2024-இல் அறிவித்தார்கள்.

பிள்ளை தங்காது என்பது பொய். உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழு 2017-இல் பார்த்தபோதே 27 கோடிக்கு மேற்பட்ட ஊசிகள் உலகெங்கும் விநியோகிக்கப்பட்டிருந்தன, மலட்டுத்தன்மை வரும் என்பதற்கு எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை. கை வலிக்கும், கொஞ்சம் வீங்கும், சில பிள்ளைகள் ஊசியைக் கண்டதும் மயங்கி விழுவார்கள், அதனால் காலையில் வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள், போட்டபின் கால் மணித்தியாலம் இருத்தி வைப்பார்கள். கருப்பையை உண்மையில் எடுக்க வைப்பது எது தெரியுமா? அந்தப் புற்றுநோய்.

பயம் ஒரு நாட்டையே பிடித்த கதையும் உண்டு. ஜப்பானில் ஊசி போட்ட பிள்ளைகளுக்கு வலிப்பு, நோவு என்று தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள், 2013-இல் அரசாங்கம் பயந்துபோய்ப் பரிந்துரையை நிறுத்தியது. நூற்றுக்கு எழுபது பேர் போட்டுக்கொண்டிருந்த இடத்தில் ஒருவருக்கும் குறைவாகப் போனது. நகோயா நகரில் போட்டவர்களையும் போடாதவர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள், அந்த அறிகுறிகளில் வித்தியாசம் இல்லை. பரிந்துரையைத் திரும்பக் கொண்டுவர 2022 ஆகிவிட்டது. இடையில் போன ஒன்பது வருடப் பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது?

இனி மாமி. மாமி ஏன் வேண்டாம் என்கிறா என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் எனக்குத் தெரியும். இது உறவினால் தொற்றுகிற வைரஸ், என் பேத்திக்கு எதற்கு, அவள் என்ன அப்படிப்பட்டவளா என்பதுதான். தங்கச்சி, கட்டிய ஒருவனோடு கோடு தாண்டாமல் வாழ்ந்த பெண்ணுக்கும் இது வரும். வாழ்நாளில் ஏதோ ஒரு நேரம் பெரும்பாலானவர்களுக்குத் தொற்றி, அநேகமானவர்களுக்கு இரண்டு வருடத்துக்குள் தானாகவே போய்விடுகிற வைரஸ் இது. போகாமல் தங்கிய சிலருக்குத்தான் ஆபத்து. ஒழுக்கத்துக்குப் பரிசாக விலகிப்போகிற வருத்தம் என்று உலகத்தில் ஒன்றும் இல்லை. என் சின்னம்மா வாசல்படி தாண்டாத மனுசி. என் இடது கையில் அம்மை குத்திய வட்டத் தழும்பு இரண்டு இருக்கிறது, மாமியின் கையிலும் இருக்கும், சீலைத் தலைப்பை விலக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அம்மை வராமல் காக்கவேண்டும் என்று கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்குக்கு வருடாவருடம் போய்க் கும்பிட்ட எங்கள் அம்மாமார்தான் எங்களைத் தூக்கிக்கொண்டுபோய் அதைக் குத்துவித்தார்கள். இரண்டும் அவர்களுக்கு ஒன்றோடொன்று முட்டவில்லை.

கணவரைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. கட்டாருக்குப் போக மெடிக்கல் எடுத்தபோது, கையை நீட்டச் சொன்ன இடத்திலெல்லாம் அம்மாவிடம் கேட்டுவிட்டா நீட்டினார்? தகப்பன் என்றால் மகளுடைய விசயத்தில் படிவத்தை வாசித்துவிட்டு ஒரு சொல் சொல்லவேண்டும். படம் எடுத்து அனுப்புங்கள். வாசிக்கட்டும்.

மகளைப் பொய் சொல்ல வைத்தீர்களே, அதை இன்றைக்கே திருத்துங்கள். பதினொரு வயதுப் பிள்ளைக்கு நீங்கள் படிப்பித்தது என்ன? பெண் உடம்பு சம்பந்தமான காகிதம் வந்தால் ஒளிக்கவேண்டும், கேட்டால் தொலைந்தது என்று சொல்லவேண்டும். உங்கள் அம்மா உங்களுக்குப் படிப்பித்ததும் இதே பாடம்தான், நீங்கள் அதை எழுத்துப் பிசகாமல் கடத்தியிருக்கிறீர்கள்.

கடிதத்தில் உங்கள் வயதும் இல்லை. 35 ஆகிவிட்டதென்றால் எம்.ஓ.எச். பிரிவில் நடக்கும் வெல் வுமன் கிளினிக்குக்கு நீங்களும் போகவேண்டும், கருப்பைக் கழுத்தைச் சோதிக்கும் பப் பரிசோதனைக்குக் காசு இல்லை, 45-இல் திரும்பச் செய்வார்கள். போட்ட பிள்ளையும் வளர்ந்தபின் அதைச் செய்யவேண்டும், ஊசி எல்லா வகை வைரஸையும் மறிக்காது. தீட்டுக்கு இடையில் இரத்தம், உறவுக்குப் பின் இரத்தம், தீட்டு நின்றபின் இரத்தம், இதில் எது கண்டாலும் அன்றைக்கே போங்கள். கிளினிக்கில் உங்கள் அம்மாவுக்கு என்ன வருத்தம் என்று கேட்பார்கள். அப்போது பொம்பிளை வருத்தம் என்று சொல்லப்போகிறீர்களா?

பாடசாலையில் நாள் குறித்துவிடுவார்கள் என்பதால் இந்தப் பதிலை அச்சுக்கு முன்பே உங்களுக்குத் தபாலில் போட்டுவிட்டேன். கிடைத்ததும் வாளியிலிருந்து படிவத்தை எடுத்துத் தவிடு தட்டி, கையெழுத்து வைத்து, நீங்களே கொண்டுபோய் ரீச்சரிடம் கொடுங்கள், பிள்ளையின் முன்னால் கொடுங்கள். திரும்பி வந்து பெரியம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து, அம்மாவுக்கு வந்தது என்ன வருத்தம் என்று கேளுங்கள். ஆஸ்பத்திரியில் கூட நின்றது அவவாகத்தான் இருக்கும், பழைய துண்டுகள் ஏதாவது பெட்டியடியில் கிடந்தாலும் கிடக்கும்.

அவவுக்குக் காது மந்தம் என்று எழுதியிருந்தீர்கள். மாமிக்கும் அடுத்த வீட்டுக்கும் கேட்கட்டும், சத்தமாகக் கேளுங்கள்.